பவளத்தைப் போர்த்தும் அன்னியப் பாசி: மீனவர் கண்களே காவல்

புது தில்லி: வெளிநாட்டிலிருந்து வந்து பரவும் உயிரினங்களைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கும் வன உயிரினப் பாதுகாப்புத் திருத்த மசோதாவை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, 2023 ஏப்ரல் 1 முதல் அது சட்டமாக அமலில் உள்ளது.

மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இந்த ஆபத்து 2008-லேயே வெளிப்பட்டது. பிலிப்பின்ஸ் கடலைச் சேர்ந்த கப்பாஃபைகஸ் பாசி, பவளப்பாறைகளைப் போர்த்தி வெளிச்சத்தை மறைத்து அழிப்பதை ஆய்வாளர்கள் அப்போது பதிவு செய்தனர். கரையோரப் பெண்களுக்கு வருவாய் தருவதும் இதே பாசிதான். கையால் அகற்றினாலும், எஞ்சும் சிறு துண்டு மீண்டும் வளர்ந்துவிடும். எனவே, தொடக்கத்திலேயே கண்டறிவது அவசியம்.

அன்றாடம் அக்கடலில் இறங்கும் மீனவர்களும் பாசி சேகரிக்கும் பெண்களுமே அதை முதலில் காணக்கூடியவர்கள். சட்டப் பிரிவோ, பறிமுதல் செய்ய அதிகாரிகளுக்கு மட்டுமே வழிவகுக்கிறது. கண்டவர் யாரிடம் தெரிவிப்பது, எத்தனை நாளில் நடவடிக்கை என்பதையும் வரையறுத்தால்தான் சட்டம் கடலைச் சென்றடையும்.