கொலாரெஸின் மணல்நிலத் திராட்சை

திராட்சை வெப்பமும் வரட்சியும் மிக்க நிலத்துக்கே உரிய பயிர் என்பது நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணமாகும். போர்த்துக்கலின் தலைநகராகிய லிஸ்பனுக்கு மேற்கே, அத்திலாந்திக் சமுத்திரக் கரையில் அமைந்த கொலாரெஸ் இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. கடற்காற்றும் மூடுபனியும் கோடையிலும் அங்கு குளிர்ச்சியைத் தருவதாற் பழங்கள் மெல்லவே முதிர்கின்றன. அதனால் அங்கு வடிக்கப்படும் மது புளிப்பு மிக்கதாயும் மதுசாரம் குறைந்ததாயும் அமைகின்றது. ரமிஸ்கோ என்னும் கருந்திராட்சையின் மது பல்லாண்டு வைத்துப் பருகத்தக்கது.

இனி, பயிரிடும் முறையை நோக்குவோம். உழவர் குடும்பங்கள் மணலை ஆழ அகழ்ந்து, அடியிலுள்ள களிமண்ணிற் கொடியை ஊன்றின. கொடி நிலத்தோடு படரும். உப்புக் காற்றைத் தடுக்க நாணல் வேலிகள் நிறுத்தப்படும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மணலே கொலாரெஸைக் காத்தது. ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பிலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி மணலில் வாழ இயலாதது. பிற இடங்களிற் கொடிகளை அமெரிக்க இன வேர்களில் ஒட்டவேண்டியிருக்க, இங்கு அவை தம் வேரிலேயே நின்றன. 1908 இல் இப்பிரதேசத்தின் எல்லை சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. 1931 இல் உழவரின் கூட்டுறவு மதுசாலை தோன்றியது.

ஆயினும், பூச்சியால் இயலாததைக் காணி விலை செய்து முடித்தது. 20ஆம் நூற்றாண்டில் நகரத்தார் கடலோர இல்லங்களை நாடவே, மணல் அகழ்ந்து கொடி நடுவதிலும் காணியை விற்பதே குடும்பங்களுக்கு இலாபமாயிற்று. அண்மைக் காலத்திற் சிலர் மீண்டும் நடத் தொடங்கியுள்ளனரெனினும், இன்று எஞ்சியவை சில பத்து ஹெக்டேயர்களே. மண் தரும் காப்பு, அதில் உழைப்போரின் வருவாய் நிலைக்கும் வரையே நிலைக்கும் என்பது இவ்வூரின் வரலாற்றால் நாம் அறியும் உண்மையாகும்.