ஒரே பெயர், பல அடையாளங்கள்



நம் மேச்சேரிச் செம்மறியாடுகளை வெளியூர்க்காரர் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். மேய்ப்பவருக்கோ ஒவ்வொன்றும் தனி. நல்ல ஆயரும் தம் ஆடுகளைப் பெயர் சொல்லியே அழைக்கிறார் (யோவான் 10). ஆனால், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் முகநூலிலும் நம்மை நாம் எப்படி அறிமுகம் செய்துகொள்கிறோம்? ஊர், தொழில், மதம், கட்சி, சாதி என்று அடுக்கிக்கொண்டே போகிறோம்.

பல அடையாளங்கள் இருப்பது குற்றமல்ல. எருசலேமில் பிடிபட்ட திருத்தூதர் பவுல், படைத்தலைவரிடம் கிரேக்கத்தில் பேசி, தாம் தர்சு நகர யூதர் என்கிறார். மக்களிடம் எபிரேயத்தில் பேசுகிறார். சாட்டையால் அடிக்கப்போகும்போது தாம் உரோமைக் குடிமகன் என்கிறார் (திப 21-22). மூன்றும் உண்மை. அவற்றில் எதையும் பிறரைத் தாழ்த்த அவர் பயன்படுத்தவில்லை.

சாதிப் பெருமை அப்படிப்பட்டதல்ல. அடுத்தவரைக் கீழே வைத்தால்தான் அது மேலே நிற்கும். நீலகண்டர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லாரும் சமம் என்றார். 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை உரோமைக்குச் சென்றது. 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது அந்தப் பட்டம் இல்லை.

அப்படியானால், தலித் கிறிஸ்தவர் தம்மை அப்படியே அழைத்துக்கொள்வதும் தவறா? இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால், மதத்தைக் காரணம் காட்டி அவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை மறுக்கப்படுகிறது. தீண்டாமையின் காயமோ திருமுழுக்கோடு மறைந்துவிடவில்லை. அவர்கள் இரண்டு அடையாளங்களையும் சேர்த்துச் சொல்வது பெருமை பேசுவதற்கு அல்ல, நீதி கேட்பதற்கு. காயத்தைக் காட்டுபவரையும் மீசை முறுக்குபவரையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

2019 உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ், இணையத்தில் மற்றவரை எதிர்த்தே நம் அடையாளத்தைத் தேடிக்கொள்கிறோம் என்று எச்சரித்தார். நாமோ ஒரே உடலின் உறுப்புகள்.

எனவே இன்றிரவு நம் கைப்பேசியைத் திறந்து, நாம் வைத்திருக்கும் படத்தையும் வரியையும் ஒருமுறை பார்ப்போம். ஞாயிறு திருப்பலியில் நம் பக்கத்தில் நின்று சமாதானம் சொல்லும் சகோதரர் அதைப் பார்த்தால் மகிழ்வாரா, தலைகுனிவாரா? தலைகுனிவார் என்றால், அதை நீக்கிவிட்டுத் தூங்கச் செல்வோம்.

நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆயர் நம்மை ஒரே மந்தையாக்குவாராக. ஆமென்.