பெரியப்பாவின் டைனிங் டேபிளில் ஒரு போர்க்கப்பல்... 30 டிகிரி சொன்ன கதை!

"யாரும் நடக்காதீங்க!"

பெரம்பூரில் பெரியப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் என் காதில் விழுந்த முதல் வார்த்தை இதுதான். ஹாலில் ஃபேன் ஓடவில்லை. பெரியம்மா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். பெரியப்பா மொசைக் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, மொபைல் டார்ச்சைத் தரையோடு தரையாக அடித்துத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியப்பா தொலைஞ்சுபோச்சு?"

"நங்கூரம்மா!"

கடுகு சைஸில் ஒரு நங்கூரம். சாமணத்திலிருந்து 'டிக்' என்று தெறித்துப் போய்விட்டதாம். இருபது நிமிடம் கழித்து அது கிடைத்த இடம், பெரியம்மாவின் புடவைக் கொசுவம்!

ஐ.சி.எஃப்-பில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் பெரியப்பா. வாழ்நாள் முழுக்க ரயில் பெட்டிகளோடு இருந்தவருக்கு, இப்போது வேலை ஒரு ஜாண்கூட இல்லாத கப்பலோடு. 'வாம்பயர்' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலின் மாடல் அது.

ஏன் இந்தக் கப்பல்? "மட்டக்களப்புப் பக்கத்துல மூழ்கின கப்பல்மா. நமக்கு எதிர்த்த கரைதானே... ஆனா, நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கும் தெரியாது!

பதின்மூன்றரை சென்டிமீட்டரில் ஒரு கப்பல்

டெஸ்ட்ராயர் என்பது போர்க்கப்பல்களில் ஓடியாடி வேலை செய்யும் ரகம். பெரிய கப்பல்களுக்குக் காவலாகப் போகும், நீர்மூழ்கிகளை விரட்டும், டார்பிடோ வீசும். வேகம்தான் அதன் பலம். பெரிய கப்பல்களுக்கு இருப்பது போன்ற கனத்த இரும்புக் கவசம் இதற்குக் கிடையாது.

வாம்பயரின் நிஜ நீளம் சுமார் 95 மீட்டர். பெரியப்பாவிடம் இருப்பது 1/700 அளவு கிட். அதாவது, நிஜத்தில் 700 சென்டிமீட்டர் இருந்தால் மாடலில் 1 சென்டிமீட்டர். அப்படிக் கணக்குப் போட்டால் மொத்தக் கப்பலும் பதின்மூன்றரை சென்டிமீட்டர்தான். ஒரு பால்பாயின்ட் பேனா நீளம். அதில் ஒரு மனிதனை நிற்கவைத்தால் இரண்டரை மில்லிமீட்டர்கூட வரமாட்டான். எள்ளைவிடச் சின்னவன்!

கிட் தயாரித்தது ஜப்பானின் டமியா நிறுவனம். ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பலை, ஒரு ஜப்பான் கம்பெனியே அச்சு வார்த்து உலகம் முழுக்க விற்கிறது. காலம் எப்படியெல்லாம் மாறுகிறது, பாருங்கள்.

டப்பாவைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, உப்புத்தாளில் பிசிறு தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். மீதமாகும் சட்டத்தையும் பெரியப்பா தூக்கிப் போடுவதில்லை. மெழுகுவத்திச் சூட்டில் காட்டி, இளகும்போது இரண்டு பக்கமும் மெதுவாக இழுக்கிறார். தலைமுடியைவிட மெல்லிய நூல் வருகிறது. பாய்மரக் கம்பத்திலிருந்து ஓடும் ஆன்டெனா ஒயர்கள் அதுதான். கடல்? தெர்மாக்கோல் அட்டை மேல் டிஷ்யூ பேப்பரை ஃபெவிகாலில் நனைத்துச் சுருக்கி ஒட்டினால் அலை ரெடி.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பெரியப்பாவுக்கு வலது கண்ணில் புரை. அடுத்த மாதம் ஆபரேஷன். "அதுக்குள்ள முடிச்சிடணும். அப்புறம் குனியக் கூடாதுன்னு சொல்லிடுவாங்க" என்று அவசரப்பட்டுக்கொண்டே இருந்தார்.

1942 ஏப்ரல் 9

வாம்பயர் பிறந்தது இங்கிலாந்தின் வைட் தீவில். தண்ணீரில் இறங்கியது 1917-ல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது. 1933-ல் ஆஸ்திரேலியக் கடற்படைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் மத்தியதரைக் கடலுக்குப் போன ஐந்து பழைய ஆஸ்திரேலிய டெஸ்ட்ராயர்களில் இதுவும் ஒன்று. அவற்றை ஜெர்மன் பிரசாரம் 'பழைய இரும்புக் குவியல்' என்று கிண்டல் செய்ய, மாலுமிகள் அந்தப் பெயரையே பெருமையாகச் சூட்டிக்கொண்டார்கள்.

1941 டிசம்பர் 10-ம் தேதி மலாயா கடலில் 'ரிபல்ஸ்' என்ற பெரிய பிரிட்டிஷ் கப்பல் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டபோது, தண்ணீரில் தத்தளித்த 200-க்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிக் காப்பாற்றியதும் இந்த 'பழைய இரும்பு'தான்.

நான்கே மாதங்களில் அதன் முறை வந்தது. 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த குறி திருகோணமலை எனத் தெரிந்ததும், ஏப்ரல் 8 இரவோடு இரவாக 'ஹெர்மெஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் துறைமுகத்தைவிட்டுத் தெற்கே போனது. துணைக்கு வாம்பயர். அன்றைக்கு ஹெர்மெஸில் ஒரு போர் விமானம்கூட இல்லை.

மறுநாள் காலை ஜப்பானிய உளவு விமானம் ஒன்று அவற்றைப் பார்த்துவிட்டது. மட்டக்களப்புக்கு அருகே 80-க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் பாய்ந்தன. ஹெர்மெஸ் சுமார் இருபது நிமிடங்களில் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். அடுத்துக் குண்டுகள் வாம்பயர் மேல் விழுந்தன. கப்பல் இரண்டாக உடைந்தது. கேப்டன் மோரன் உட்பட ஒன்பது பேர் பலி.

அருகில் வந்த 'வீட்டா' என்ற மருத்துவமனைக் கப்பல் இரண்டு கப்பல்களிலிருந்தும் சுமார் 600 பேரைக் காப்பாற்றியது. சிலர் நீந்தியே கரை சேர்ந்தார்கள்.

நான் செய்த தப்பு

நான் இரண்டாவது முறை போனபோது மாடல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பீரங்கிகள். கிட்டில் வந்த குழல்கள் தடியாக இருந்ததால், கரன்ட் ஒயருக்குள் இருக்கும் செம்புக் கம்பி இழையை ஆறரை மில்லிமீட்டர் அளவில் வெட்டிக் குழலாக்கியிருந்தார். நான்கும் வானத்தை நோக்கி நிமிர்ந்திருந்தன. விமானத்தைச் சுடும் கோலம். பார்க்கவே கம்பீரம்!

நான் வீட்டுக்கு வந்து இந்தக் கட்டுரைக்காகத் தகவல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த நான்கு அங்குல பீரங்கிகள் அதிகபட்சம் 30 டிகிரிதான் உயரும். தூரத்தில் வரும் எதிரிக் கப்பலைச் சுடுவதற்காக, முதல் உலகப் போர்க் காலத்தில் வடிவமைத்தவை. தலைக்கு மேலிருந்து சுமார் 60 டிகிரி சரிவில் பாயும் விமானத்தை அவற்றால் குறிபார்க்கவே முடியாது. அதற்கென்று இருந்தவை சின்ன ரகத் துப்பாக்கிகள் சில மட்டுமே.

சொல்லலாமா, வேண்டாமா என்று ஒரு நாள் யோசித்தேன். சொன்னேன்.

பெரியப்பா எதுவும் பேசவில்லை. பேத்தியின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்துவந்து கப்பல் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பிளேடை எடுத்தார்.

"ஏங்க, பெயின்ட்டெல்லாம் காஞ்சு போச்சு. கண்ணும் சரியில்ல. இத்தனூண்டு கம்பி மேல பாக்குதா, கீழ பாக்குதான்னு யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் பெரியம்மா.

"தப்பா நினைச்சுக்குவாங்கள்ல? குழல் மேல தூக்கியிருந்தா, 'எல்லா பீரங்கியும் வேலை செஞ்சும் இவனுங்களுக்குச் சுடத் தெரியல'ன்னு ஆயிடும். அவங்க மேல தப்பில்ல. அவங்க கையில இருந்த மெஷினால முடியல" என்றார் பெரியப்பா.

நாற்பது வருடம் மெஷினோடு வாழ்ந்தவர் பேச்சு.

நான்கு பீரங்கிகளும் வந்துவிட்டன. மறுபடி ஒட்டும்போது அவருக்குக் கை சரியாக இருந்தது, கண்தான் ஒத்துழைக்கவில்லை. அதனால் கோணம் பார்ப்பது என் வேலையானது. "இன்னும் கொஞ்சம் இறக்குங்க... போதும், போதும்... நிறுத்துங்க!" நான்கு பீரங்கிக்கு மூன்று மணி நேரம்.

அந்த 30 டிகிரியை நான் படித்தபோது அது வெறும் எண். சாமணம் பிடித்து அந்தக் கோணத்தில் நிறுத்திவைத்த பிறகுதான் அந்த ஒன்பது பேரின் காலை நேரம் கொஞ்சமாவது புரிந்தது.

நீங்களும் ஆரம்பிக்கிறீர்களா?

* முதல் கப்பலுக்கு 1/350 போன்ற பெரிய அளவு நல்லது. பாகங்கள் கையில் நிற்கும்.
* தேவைப்படும்போது மட்டும் பாகத்தை வெட்டுங்கள். முன்பே வெட்டினால் தொலையும்.
* ஜன்னலைத் திறந்துவைத்துப் பெயின்ட் அடியுங்கள்.
* 'வாம்பயர்' பெயரில் இரண்டு கப்பல்கள் உண்டு. போருக்குப் பிறகு கட்டப்பட்ட இரண்டாவது வாம்பயர், சிட்னியில் அருங்காட்சியகமாக நிற்கிறது. படம் பார்த்துச் செய்யும்போது குழம்பிவிடாதீர்கள்.

பெரியப்பாவின் வாம்பயர் இப்போது டி.வி ஸ்டாண்டு மேல், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி, "ஏன் சார், பீரங்கியைக் கொஞ்சம் மேலே தூக்கி வெச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமே?"

"உட்காருங்க, சொல்றேன்" என்று ஆரம்பித்துவிடுகிறார் பெரியப்பா. பெரியம்மா காபி போட எழுந்துவிடுகிறார்!