கைத்தொலைபேசியும் மனவொருமையும்

கல்வி கற்பார்க்கு வேண்டிய கருவிகள் பல. நூல், ஆசிரியர், ஓய்ந்த பொழுது என்பன அவற்றுட் சில. இவையனைத்தும் ஒருங்கே வாய்த்தவிடத்தும் மனவொருமை இல்லையாயின் பயனில்லை. மனவொருமையாவது, பல பொருள்கள் ஒரே வேளையில் மனத்தை அழைக்குமிடத்து, அவற்றுள் ஒன்றனைப் பற்றி ஏனையவற்றை விடுதலாம். அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியற் பெருநூலில், ஒன்றைச் செவ்வனே பற்றுதற்குப் பிறவற்றினின்றும் விலகுதல் இன்றியமையாதது என விளக்கினார். இவ்விலகுதலே இன்று அரிதாகியுள்ளது. அதற்குத் தலையாய காரணங்களுள் ஒன்று திறன்பேசி எனப்படும் கைத்தொலைபேசி. வன்னிப் பெருநிலத்து மாணாக்கர்க்கு இவ்விடர் நேர்ந்த வகையும் அதனைத் தீர்க்கும் வழியும் ஈண்டு ஆராயப்படும்.

2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுறுமுன், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் ஊர்கள் நெடுங்காலம் மின்சாரமின்றி இருந்தன. சிறு போத்தலிலே திரியிட்டு ஏற்றிய மண்ணெண்ணெய் விளக்கைச் சூழ்ந்திருந்து பிள்ளைகள் படித்தனர். மின்கலங்கள் அரிதாகையால், துவிச்சக்கரவண்டியின் சில்லைச் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னாலே வானொலிச் செய்தி கேட்டனர். அக்காலத்துத் துன்பத்தைப் புகழ்தல் அறிவுடைமையாகாது. எறிகணைக்கு அஞ்சியும் இடம்பெயர்ந்தும் கற்றவர்க்கு மனவொருமை எளிதாய் இருந்திலது. ஆயினும் ஓருண்மை உளங்கொள்ளத்தக்கது. அன்று செய்தியைப் பெறுதற்கு முயற்சி வேண்டியிருந்தது. சில்லு நின்றவிடத்துச் செய்தியும் நின்றது. இன்று செய்தி முயலாமலே வருகின்றது. அதனை நிறுத்துதற்கே முயற்சி வேண்டியுள்ளது.

கைத்தொலைபேசி தீயது என ஒரே சொல்லில் ஒதுக்குதற்கும் இயலாது. புலம்பெயர்ந்த பிள்ளையின் முகத்தைத் தாய் காண்பது அதனாலேயாம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொரோனா நோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடக் குறிப்புக்கள் வாட்சப் வழியாகவே மாணவர் பலரை அடைந்தன. படிப்பின் பெயரால் வீட்டினுட் புகுந்த அக்கருவி, பாடசாலைகள் திறந்தபின்னரும் மாணவர் கையிலேயே தங்கிற்று. பாடநூலும் சந்தையும் விளையாட்டரங்கும் ஒரே பலகையில் அமைந்தமையால், குறிப்புப் பார்க்கத் திறந்தவன் காணொளியில் ஆழ்ந்துவிடுதல் வியப்பன்று.

இச்சிதைவு நிகழும் முறையை அறிஞர் ஆராய்ந்துள்ளனர். ஒரு வேலையை இடையில் விட்டு வேறொன்றிற் புகுவோனது சிந்தையில் முந்திய வேலையின் எச்சம் ஒட்டிநிற்கும் என்பதனைச் சோஃபி லெரோய் 2009இல் எடுத்துக்காட்டினார். ஆதலால் கணக்குச் செய்பவன் அரை நிமிடம் செய்தி பார்த்தால், இழப்பது அரை நிமிடம் மட்டுமன்று. கணக்கிற்குத் திரும்பிய பின்னும் மனத்தின் ஒரு கூறு செய்தியிலேயே நிற்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக் குளோரியா மார்க் கணித்தவாறு, 2004இல் மக்கள் ஒரு திரையில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் கவனம் நிறுத்தினர். பின்னாண்டுகளில் அது 47 விநாடி அளவாகக் குறைந்தது. அன்றியும், முகநூல் போன்ற தளங்களின் பக்கத்திற்கு முடிவில்லை. அடுத்து வருவது சுவையுடையதோ அன்றோ என்பது தெரியாமையே விரலை மேலும் மேலும் தள்ளச்செய்கின்றது.

இழந்த மனவொருமையை மீட்கலாகுமோ எனின், ஆகும். கனடா, அமெரிக்கப் பல்கலைக்கழக அறிஞர் சிலர் 2025இல் வெளியிட்ட ஆய்வில் 467 பேர் பங்குபற்றினர். இரு கிழமைக்குக் கைத்தொலைபேசியின் இணையத்தொடர்பு மட்டும் தடுக்கப்பட்டது. அழைப்பும் குறுஞ்செய்தியும் தடுக்கப்பட்டில. பலர் அவ்விதியை முற்றாகக் கடைப்பிடித்திலர். அங்ஙனமாகவும், நீடித்துக் கவனிக்கும் ஆற்றல், பத்து வயது குறைந்தாற்போன்ற அளவுக்கு உயர்ந்தது. கருவியைத் துறத்தல் வேண்டா, அதன் ஓயா வரவைத் தடுத்தலே போதும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மை வன்னிக் கமக்காரர்க்குப் புதியதன்று. இரணைமடுக் குளத்தின் நீரளவை நோக்கி, சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் கமக்காரரும் அலுவலரும் கூட்டத்திற் கூடி முடிவுசெய்வர். நினைத்தபோதெல்லாம் துருசு திறந்தால் கதிர் முற்றுமுன் குளம் வற்றும். மனமும் அத்தகையதே. கைத்தொலைபேசிக்கும் திறக்கும் நேரமும் பூட்டும் நேரமும் குடும்பத்தார் கூடி வகுத்தல் வேண்டும். கனடாவின் மாலைப்பொழுது வன்னிக்கு வைகறையாகும். படிப்பிற்கு உரிய அவ்வேளையில் உறவினர் அழைப்பு வாராவண்ணம் அவர்க்கு முன்னரே உணர்த்தலாம். வாட்சப்பில் வந்த குறிப்பைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, கருவியை வேறோர் அறையில் வைத்தல் நன்று. மணி பார்ப்பதற்குக் கைக்கடிகாரமும் சொற்பொருள் காண்பதற்கு அகராதியும் இருப்பின், அதனைத் தொடுதற்குரிய சாட்டுக்கள் குறையும். தொடக்கத்தில் இருபது நிமிடமே அமர்ந்து படித்துப் பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். முதற் சில நாள்கள் மனம் அலைதல் இயல்பு. அதுகொண்டு முயற்சியைக் கைவிடலாகாது.

இவ்விதி பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. தந்தையும் ஆசிரியரும் தாம் திரையை நோக்கிக்கொண்டு மாணாக்கனை நூலை நோக்குமாறு பணித்தால், அச்சொல் பயன்படாது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமும் உருப்பெற்றது. குப்பி விளக்கிற் படித்தோர்க்கு எட்டாதிருந்த உயர்கல்வி இன்று ஊரருகே வந்துள்ளது. அதன் வாயிலிற் புகுதற்கு வேண்டுவது, ஒரு நூலை விரித்துவைத்து ஒரு மணிநேரம் அதனோடு இருக்கும் ஆற்றலேயாம். அதனை மாணாக்கர்க்கு மீட்டுக்கொடுத்தல் பெற்றோரும் ஆசிரியரும் ஒருங்கே ஏற்கவேண்டிய கடமையாகும்.