கேரம் ஆட்டமும் மன அடக்கமும்



கேரம் என்பது மழைநாளில் வீட்டுக்குள் பொழுது போக்குவதற்கான ஆட்டம் என்று கருதுவோர் பலர். வடசென்னையில் வாழ்வோர் அவ்வாறு கருதார். எம்.கே.பி. நகர் என்று சுருக்கமாக வழங்கும் மகாகவி பாரதி நகரிலும், அதை அடுத்த வியாசர்பாடியிலும், இராயபுரம், தண்டையார்பேட்டை போன்ற இடங்களிலும், மாலை வேளையில் விளக்கொளியின் கீழ் ஒரு பலகையும், அதன் நான்கு பக்கமும் ஆடுவோரும், அவர்களைச் சூழ்ந்து வேடிக்கை பார்ப்போரும் நிற்பது பழகிய காட்சி. 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் பெற்று, கேரத்துக்காக அர்ஜுனா விருதும் அடைந்த மரிய இருதயம் சென்னையைச் சேர்ந்தவர். 2008-இல் பிரான்சு நாட்டின் கான் நகரில் மகளிர் ஒற்றையர் உலகப் பட்டம் வென்ற இளவழகி, வியாசர்பாடியில் மீன்பாடி வண்டி ஓட்டுநரின் மகள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

இவர்கள் வென்றது விரலின் வலிமையாலா, மனத்தின் உறுதியாலா? அதையே இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் ஆட்டத்தின் அளவுகளைப் பாருங்கள். பலகையின் ஆடுபரப்பு ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 74 சென்டிமீட்டர். குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர். காயின் விட்டமோ மிகுதியாகப் போனால் 3.18 சென்டிமீட்டர். ஆகவே, காய் குழிக்குள் புகும்போது கிடைக்கும் இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டரினும் சற்றே மிகுதி, அவ்வளவுதான். பதினைந்து கிராமுக்கு மேற்படாத ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதற்குப் பெரும் உடல் வலிமை வேண்டியதில்லை. ஆனால் விரல் ஒரு நூலளவு பிசகினும் காய் சட்டத்தில் மோதித் திரும்பிவிடும்.

கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. அஞ்சுவதற்கும் அவகாசம் இராது. கேரத்திலோ, அதன் உறவாகிய பூல், பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் ஆகியவற்றிலோ, அடிக்க வேண்டிய பொருள் அசையாமல் காத்திருக்கிறது. எண்ணுவதற்கு நேரம் உண்டு; ஐயுறுவதற்கும் நேரம் உண்டு. எதிராளி தொடர்ந்து காய் போட்டுக்கொண்டிருக்கும்போது நாம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஓய்வில்தான் மனம் ஓடத் தொடங்குகிறது.

பிறர் பார்வை நம் கையை என்ன செய்கிறது என்பதற்கு ஓர் ஆராய்ச்சியைச் சான்று காட்டலாம். 1982-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், மாணவர் பூல் ஆடுவதை அவர்கள் அறியாமல் கவனித்தனர். நன்றாக ஆடுவோர் நூற்றுக்கு 71 அடிகளில் வெற்றி கண்டனர்; சரியாக ஆடத் தெரியாதோர் 36-இல் வெற்றி கண்டனர். பின்னர் நால்வர் மேசையருகே வந்து நின்று பார்த்தனர். அப்போது வல்லவரின் வெற்றி 80 ஆக உயர்ந்தது. வல்லமையற்றவரின் வெற்றி 25 ஆகத் தாழ்ந்தது. ஆடியோர் தொகை சிறிதே ஆயினும், ஒரே கூட்டம் ஒருவரை உயர்த்தி மற்றொருவரைத் தாழ்த்தியது கருதத்தக்கது. இதற்குரிய காரணத்தை 1965-லேயே சயான்க் என்னும் உளநூலார் கூறியிருந்தார். பிறர் அருகிருந்தால் நமக்குள் ஒரு கிளர்ச்சி எழுகிறது. நம்மிடம் எது நன்கு பதிந்திருக்கிறதோ அது அக்கிளர்ச்சியால் மேலே வருகிறது என்பது அவர் கருத்து. பதிந்திருப்பது திறமையாயின் திறமை ஓங்கும்; பிழையாயின் பிழையே ஓங்கும். எனவே கூட்டத்தைக் குறை கூறுவதில் பயனில்லை. கூட்டத்தின் முன் வருவதற்குள் நம்மிடம் எது பதிந்திருக்கிறது என்பதே கேள்வி.

அப்படியாயின், தேர்ந்த ஆட்டக்காரர் இறுதிப் போட்டியில் எளிய காயைத் தவறவிடுவது ஏன்? இதற்கும் விடை உண்டு. எத்தொழிலையும் கற்கும்போது முதலில் ஒவ்வோர் அசைவையும் எண்ணி எண்ணிச் செய்கிறோம். பிறகு அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன. முடிவில் எண்ணாமலே கை தானாக இயங்குகிறது. மிதிவண்டி ஓட்டக் கற்றவர் அனைவரும் இதனை அறிவர். ஆனால் தோல்வியைப் பற்றிய அச்சம் புகுந்தவுடன், ‘விரல் சரியாக இருக்கிறதா? மணிக்கட்டு அசைகிறதா?’ என்று தானாக இயங்கும் கையை மனம் மேற்பார்வையிடத் தொடங்குகிறது. அந்தக் கணமே தேர்ந்தவர் மீண்டும் தொடக்க மாணவராகிவிடுகிறார். பைலாக், கார் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2001-இல் கோல்ஃப் ஆட்டத்தை வைத்து இதனை விளக்கினர். அவர்கள் கண்ட மற்றொன்று நமக்கு இன்னும் பயனுடையது. பயிற்சிக் காலத்திலேயே தம்மைப் படம்பிடிக்கிறார்கள் என்ற உணர்வோடு பழகியவர்கள், பின்னர் நெருக்கடி வந்தபோது தடுமாறவில்லை!

இங்கேதான் வடசென்னைத் தெருக்களின் சிறப்பை நான் காண்கிறேன். அறைக்குள் தனியே பழகிப் பின்னர் திடீரென்று மேடையேறுபவர்கள் அல்லர் இவ்வூர்ப் பிள்ளைகள். முதல் நாள் தொட்டே அவர்களைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கின்றனர். ஒருவர் ஏளனம் செய்கிறார், ஒருவர் யோசனை சொல்கிறார், ஒருவர் அடுத்த முறைக்காக அவசரப்படுத்துகிறார். அந்த ஆரவாரத்திலேயே கை பழகுகிறது. வெற்றிக்கு நல்ல ஆசான், இடைவிடா உழைப்பு, குடும்பத்தின் ஆதரவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் பலர் பார்க்கப் பழகும் இவ்வழக்கம் விலையில்லாத ஒரு கல்வி என்பது என் துணிபு.

இனி, பலகை முன் அமரும்போது மனத்தை நடத்தும் முறையைச் சில சொற்களில் கூறுகிறேன்.

முதலாவது, முடிவு செய்யும் நேரத்தையும் சுண்டும் நேரத்தையும் பிரித்து வையுங்கள். எந்தக் காய், எந்தக் குழி, எவ்வளவு வேகம், அதன்பின் அடுத்த காய் எது என்பனவற்றை ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைக்குமுன் தீர்மானியுங்கள். விரலை வளைத்தபின் தீர்மானத்தை மாற்றாதீர்கள். மாற்றத் தோன்றினால் கையை எடுத்துவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது, சுண்டுமுன் கண்ணை அடிக்க வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள். பில்லியர்ட்ஸ் ஆடுவோரின் கண்ணசைவை அளந்து 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, தேர்ந்தோரின் பார்வை அடிக்கு முன் இலக்கில் நெடுநேரம் நிலைப்பதையும், தவறிய அடிகளைவிட வென்ற அடிகளில் அந்நிலைப்பு மிகுந்திருப்பதையும் கண்டது. கண் அலைந்தால் கை அலையும்.

மூன்றாவது, சிவப்புக் காய். அதைப் போட்டவர் அடுத்துத் தம் காய் ஒன்றையும் போட்டாலன்றி அது பலகையின் நடுவுக்கே திரும்பிவிடும். எனவே சிவப்பைக் கண்டவுடன் மனம் அதன் மூன்று புள்ளிகளை எண்ணி மயங்குகிறது. துணைக் காய் எங்கே உள்ளது என்று பாராமல் சிவப்பைத் தொடாதீர்கள்.

நான்காவது, பிழைக்குப் பின் வரும் நேரம். ஸ்ட்ரைக்கரே குழியில் விழுந்து, முன்பு போட்ட காயைத் திரும்ப வைக்க நேரலாம். அந்த வருத்தத்தோடு அடுத்த முறை ஆடினால் ஒரு பிழை இரண்டாகும். எதிராளி ஆடும் நேரத்தைக் கழிவிரக்கத்தில் செலவிடாமல், பலகை எவ்வாறு மாறுகிறது என்று கவனிப்பதில் செலவிடுங்கள். காத்திருப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதியே.

இவை அனைத்தும் கேரத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். நன்கு படித்த மாணவன் தேர்வுக் கூடத்தில் வினாத்தாளைக் கண்டு மலைப்பதும், தெரிந்த கணக்கைத் தவறாகப் போடுவதும் இதே காரணத்தால்தான். வீட்டில் தனியே ஓதிய பாடத்தை நண்பன் முன் சொல்லிப் பாருங்கள்; கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு விடை எழுதிப் பாருங்கள். தேர்வு நாளின் நெருக்கடி அப்போது பழகிய முகமாகத் தோன்றும்.

காசிமாவின் வெற்றிக்குத் தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை அளித்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அத்தகைய பரிசு எல்லோருக்கும் கிட்டாது; பட்டமும் ஒருவருக்கே உரியது. ஆனால் பலர் பார்க்க நடுங்காத கையும், தோற்றபின் கலங்காத மனமும் முயலும் எவர்க்கும் கிட்டும். பொருளின்மையைக் காட்டி உலகம் தாழ்வாக எண்ணும் தெருவிலிருந்தும் அவற்றைப் பெறலாம் என்பதை நம் வடசென்னை மக்கள் காட்டியிருக்கிறார்கள். ஆடுங்கள், பலர் காண ஆடுங்கள், ஆடும்போது அந்த ஒரு காயை மட்டும் எண்ணுங்கள்.