அந்துருண்டையும் அப்பாவின் சாயத்தொட்டியும்



நம்ம சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் கவிதைக்கு நம்மிடையே ஆட்கள் நிறைய உண்டு. அதனால் நான் படிக்கிற கெமிக்கல் பாடத்திலிருந்தே, பல மாதங்களாக என்னைக் குடைந்து கொண்டிருந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முதலாம் ஆண்டுக் கணக்கும், கூட்ட நேரத்தில் டவுன் பஸ்ஸில் ஏறிய அனுபவமும் இருந்தால் போதும், இது புரியும்.

அப்பா கேட்ட கேள்வி

எங்க வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் ஏற்றும் வேலை செய்கிறார். அவருடைய விரல் நகங்களில் சிவப்பு இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. போன வருஷம் லீவில் மதியச் சாப்பாடு கொண்டு போனபோது, தொட்டிப் பக்கத்தில் நின்றபடியே கேட்டார்:

"ஏங்கண்ணு, நீ கெமிக்கலுதானே படிக்கற? இந்த நாப்தால் தொட்டியில நூலை முக்கினா வெறும் மஞ்சளாத்தான் இருக்குது. புழிஞ்சு அடுத்த தொட்டியில போட்டா டக்குனு செவப்பு ஏறுது. ரெண்டு தண்ணியிலயும் செவப்பு இல்லையே, அப்புறம் அது எங்க இருந்து வருது?"

"அது கப்ளிங் ரியாக்சனுங்கப்பா" என்றேன்.

"அப்படின்னா?"

"ரெண்டும் சேருதுங்கப்பா."

"சேருதுன்னு எனக்கே தெரியுது. எந்த எடத்துல சேருது, ஏன் அங்க சேருது?"

என்னிடம் பதில் இல்லை. அந்த வினைக்குச் சமன்பாடு எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். ஆனால் அம்புக்குறி ஏன் அந்த இடத்தில் போடப்படுகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்பா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்துக் கொண்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்துருண்டைக்குள் என்ன இருக்கிறது?

கல்லூரி திறந்ததும் எங்கள் வேதியியல் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். "நாப்தாலை விடு, முதலில் நாப்தலீனிலிருந்து ஆரம்பி" என்றார். நாப்தலீன் வேறொன்றுமில்லை, ட்ரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு நடுவே போட்டு வைக்கிற அந்துருண்டைதான். பாச்சை உருண்டை என்றும் சொல்வோம். இப்போது வேறு ரசாயனத்திலும் உருண்டை செய்கிறார்கள் என்றாலும், அந்தப் பழைய வாசனை நாப்தலீனுடையது.

அதன் மூலக்கூறு, இரண்டு அறுகோணங்கள் ஒரு பக்கத்தைப் பங்கு போட்டுக் கொண்டது போன்ற வடிவம். மொத்தம் 10 கார்பன். நடுவே இரண்டு சந்திப்புக் கார்பன்களில் ஹைட்ரஜன் இல்லை. மீதி 8 கார்பன்களில் ஆளுக்கொரு ஹைட்ரஜன். இந்த எட்டும் இரண்டே வகை. சந்திப்பை ஒட்டிய நான்கும் (1, 4, 5, 8) ஒரு வகை. இவற்றை முதலிடம் என்போம். வெளிப்பக்கத்து நான்கும் (2, 3, 6, 7) இன்னொரு வகை; இவை இரண்டாமிடம்.

இனிமேல்தான் வேடிக்கை! நாப்தலீனை நைட்ரிக் அமிலம், கந்தக அமிலம் கலவையோடு சேர்த்தால் நைட்ரோ தொகுதி வந்து ஒட்டும். பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் முதலிடத்தில்தான் ஒட்டும். மூலக்கூறுக்குக் கண் இல்லை, காது இல்லை. அது எப்படி இடம் பார்த்து உட்காருகிறது?

"எலக்ட்ரான் எங்கே அதிகமோ அங்கே போகும்" என்று நாம் உடனே சொல்லுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆசிரியர் சிரித்தார். நாப்தலீனில் வளையம் முழுக்க உலாவுகிற பை எலக்ட்ரான்கள் பத்து. எளிய முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு கார்பனுக்கும் சரியாக ஒன்று வருகிறது. முதலிடத்திற்கும் 1, இரண்டாமிடத்திற்கும் 1. பங்கு சமம் என்றால் பாரபட்சம் எங்கிருந்து வந்தது?

ஃபுட்போர்டில் நிற்பவர்கள்

இந்தப் புதிரை அவிழ்த்தவர் ஜப்பானியரான கெனிச்சி ஃபுக்குயி (1918–1998). கியோட்டோ பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவில் எரிபொருள் வேதியியல் துறைப் பேராசிரியர். நம்மைப் போலத் தொழில் சார்ந்த வேதியியல் படித்தவர்தான். ஆனால் கணக்கில் ஆசை உள்ளவர். 1952-இல் யோனேசவா, ஷிங்கு என்ற இருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: எல்லா எலக்ட்ரானையும் எண்ணிக் கொண்டிருக்காதே, மேல் மட்டத்தில் இருக்கிற இரண்டை மட்டும் பார்!

டவுன் பஸ்ஸை நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பஸ் நின்றாலும் எழுந்திருக்க மாட்டார். ஃபுட்போர்டில் தொங்குபவர்தான் டக்கென்று குதிப்பார். அது போல, மூலக்கூறில் ஆழமான ஆற்றல் மட்டத்தில் இருக்கும் எலக்ட்ரான்கள் வினைக்கு லேசில் வருவதில்லை. நிரம்பிய மட்டங்களில் உச்சியில் உள்ள ஜோடிதான் ஃபுட்போர்டு ஆசாமிகள். இதற்கு 'ஹோமோ' என்று பெயர். எதிரே வருகிற மூலக்கூறில் காலியாக இருக்கும் மட்டங்களில் மிகத் தாழ்ந்ததற்கு 'லூமோ' என்று பெயர். ஒருவருடைய ஹோமோவும் மற்றவருடைய லூமோவும் எங்கே நன்றாகப் பொருந்துகிறதோ அங்கே பிணைப்பு உண்டாகும். இந்தக் கருத்துக்காக 1981-இல் ரோல்ட் ஹாஃப்மனோடு சேர்ந்து ஃபுக்குயிக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேதியியலில் அந்தப் பரிசு வாங்கிய முதல் ஆசியர் அவர்.

நாமே சரிபார்க்கலாம்

இதைக் கணக்குப் போட ஜெர்மானியரான எரிக் ஹூக்கல் 1931-இல் ஒரு எளிய வழி கொடுத்திருக்கிறார். 10 வரிசை, 10 நிரல் உள்ள ஒரு அணி எழுத வேண்டும். இரண்டு கார்பன்கள் பிணைந்திருந்தால் அந்தக் கட்டத்தில் 1, இல்லையென்றால் 0. அவ்வளவுதான்! முதலாம் ஆண்டில் 'இதெல்லாம் எதுக்குடா?' என்று திட்டிக் கொண்டே படித்தோமே, அதே அணிகள், அதே அணிக்கோவை.

கையால் போட முயன்று இரண்டு ராத்திரி கூட்டல் கழித்தல் குறிகளில் மாட்டிக் கொண்டேன். பிறகு கம்ப்யூட்டர் லேபில் பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதி ஓட்டினேன். கண் இமைப்பதற்குள் விடை வந்தது. நிரம்பிய ஐந்து மட்டங்களின் எண்கள்: 2.303, 1.618, 1.303, 1.000, 0.618. எண் பெரிதாக இருந்தால் எலக்ட்ரான் ஆழத்தில் சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். மட்டத்துக்கு இரண்டு பேராகப் பத்து எலக்ட்ரானும் உட்கார்ந்தாயிற்று. கடைசி 0.618தான் ஃபுட்போர்டு.

அந்த ஃபுட்போர்டு ஜோடி எந்தக் கார்பனில் எவ்வளவு இருக்கிறது? ஒரு வளையத்துக்குக் கம்ப்யூட்டர் கொடுத்த எண்கள் இவை: 1-ஆம் கார்பன் 0.425, 2-ஆம் கார்பன் 0.263, 3-ஆம் கார்பன் –0.263, 4-ஆம் கார்பன் –0.425, சந்திப்புக் கார்பன்கள் 0. (கூட்டலும் கழித்தலும் அலையின் மேடும் பள்ளமும் போல.)

கம்ப்யூட்டர் சொன்னால் நம்பிவிட வேண்டுமா? வேண்டாம். பென்சிலை எடுங்கள். விதி ஒன்றே ஒன்று: ஒரு கார்பனின் பக்கத்து வீட்டு எண்களைக் கூட்டினால், அதன் சொந்த எண்ணின் 0.618 மடங்கு வர வேண்டும். 1-ஆம் கார்பனின் அக்கம்பக்கம் 2-ஆம் கார்பனும் சந்திப்பும்: 0.263 + 0 = 0.263. சொந்த எண்: 0.618 × 0.425 = 0.263. சரியா? 2-ஆம் கார்பனுக்கு 0.425 – 0.263 = 0.162. இந்தப் பக்கம் 0.618 × 0.263, அதுவும் 0.162தான் (நான்காம் தசமத்தைக் கழித்து). கணக்கு நேர்!

இப்போது எண்ணை வர்க்கமாக்கி, இரண்டு எலக்ட்ரான் என்பதால் இரண்டால் பெருக்குங்கள். முதலிடத்துக்கு 0.36, இரண்டாமிடத்துக்கு 0.14. மொத்தப் பங்கு சமமாக இருந்தாலும் ஃபுட்போர்டு பங்கு இரண்டரை மடங்குக்கும் மேல். அதனால்தான் நைட்ரோ முதலிடத்துக்குப் போகிறது. இந்த விடையைப் பார்த்த அன்றைக்கு லேபில் தனியாகச் சிரித்தேன். ஜன்னல் பக்கம் இருந்தவன் "என்னடா, மார்க் வந்திருச்சா?" என்று கேட்டான்.

இன்றைய ஆராய்ச்சியாளர்கள் இதைவிடப் பல மடங்கு நுட்பமான முறைகளைக் கையாளுகிறார்கள். எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டே கணக்கிடும் வழிக்கு 1964, 1965-ஆம் ஆண்டுகளில் அடிக்கல் நாட்டிய வால்டர் கோனும், கணக்கீட்டு முறைகளை வளர்த்த ஜான் போப்பிளும் 1998-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்கள். 1984-இல் பார், யாங் இருவரும் அடர்த்திக் கணக்கில் வரும் ஓர் அளவுக்கு 'ஃபுக்குயி சார்பு' என்றே பெயர் வைத்தார்கள். எந்த அணு வினைக்கு முந்தும் என்பதைச் சொல்லும் அளவு அது.

இடம் மாறினால் என்ன ஆகும்?

"ஒண்ணில் ஒட்டினால் என்ன, ரெண்டில் ஒட்டினால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நண்பர்களே, இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

ஒட்டிய நைட்ரோவை இரும்புத்தூளும் அமிலமும் கொண்டு ஒடுக்கினால் நாப்தைலமீன் கிடைக்கும். சாயத் தொழிலில் இது முக்கியமான இடைப்பொருள். 1895-இல் லுட்விக் ரேன் என்ற ஜெர்மானிய அறுவை சிகிச்சை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்து எழுதினார். பிற்பாடு நடந்த ஆராய்ச்சிகளில் குற்றவாளிகளில் ஒன்று 2-நாப்தைலமீன் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. 1-நாப்தைலமீன் அந்தத் தொகுதியில் இல்லை. அதே கார்பன், அதே நைட்ரஜன், ஒரே ஒரு வீடு தள்ளி! ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. நைட்ரோ 'பெரும்பாலும்' முதலிடம் போகிறதே தவிர 'முழுவதும்' போவதில்லை. மிச்சம் இரண்டாமிடத்தில் ஒட்டுகிறது. அதனால் பழைய முறையில் தயாரித்த 1-நாப்தைலமீனில் கொஞ்சம் 2-நாப்தைலமீனும் கலந்தே வந்தது. 0.14 என்ற சின்ன எண்ணை அலட்சியம் செய்ய முடியாது.

கணக்கு சொல்லாத சங்கதி

ஃபுட்போர்டு கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைக்கக் கூடாது. நாப்தலீனைக் கந்தக அமிலத்தோடு 80 டிகிரியில் சூடாக்கினால் சல்போனிக் தொகுதி முதலிடத்தில் ஒட்டும். அதையே 160 டிகிரியில் செய்தால் இரண்டாமிடத்தில் ஒட்டும்! காரணம், முதலிடத்தில் அந்தப் பெரிய தொகுதிக்கு 8-ஆம் கார்பனின் ஹைட்ரஜன் இடிக்கிறது. அதிகச் சூட்டில் ஒட்டியது கழன்று, மறுபடி ஒட்டி, கடைசியில் நெருக்கடி இல்லாத இரண்டாமிடத்தில் நிலைக்கிறது. ஃபுட்போர்டில் ஏறுவது சுலபம். நேரம் கிடைத்தால் யாரும் உள்ளே சீட்டுக்குத்தானே நகருவார்கள்? ஆக, ஹோமோ சொல்வது யார் முந்துவார் என்பதை. யார் நிலைப்பார் என்பதற்குத் தனிக் கணக்குப் போட வேண்டும். இந்த இரண்டாமிடத்துப் பொருளைக் காஸ்டிக்கோடு உருக்கித்தான் 2-நாப்தால் செய்யும் பழைய முறை. அப்பாவின் தொட்டிக்கு வந்து சேர்ந்துவிட்டோம்!

அப்பாவுக்குச் சொன்ன பதில்

பொங்கல் லீவில் பட்டறைக்குப் போய்ச் சுவரில் கரித்துண்டால் இரண்டு அறுகோணம் வரைந்தேன்.

"அப்பா, மொத தொட்டியில இருக்கறது அந்துருண்டையோட பேரப்பிள்ளைங்க. ரெண்டாவது எடத்துல ஆக்சிஜன், மூணாவது எடத்துல வேற ஒண்ணு. மொத எடம் காலி. காஸ்டிக்ல அந்த ஆக்சிஜன் எலக்ட்ரானை உள்ள தள்ளுது. மேல் மட்டத்து எலக்ட்ரான் அந்த வளையத்துல அதிகமா நிக்கறது மொத எடத்துலதான். அடுத்த தொட்டியில இருக்கற டயசோ உப்புக்கு எலக்ட்ரான் பசி. நேரா அங்க வந்து ஒட்டிக்குது."

"செவப்பு?"

"அந்துருண்டைக்கு ஹோமோவுக்கும் லூமோவுக்கும் நடுவுல இடைவெளி பெருசுங்கப்பா. கண்ணுக்குத் தெரியாத புறஊதாவைத்தான் உறிஞ்சும். அதனால வெள்ளையா இருக்குது. ரெண்டும் சேந்து நீளமானதும் இடைவெளி சுருங்கிப் போகுது. நீலமும் பச்சையும் உள்ள போயிருது, செவப்பு வெளிய வருது. சேந்தது தண்ணியில கரையாது. நூலுக்குள்ளயே உக்காந்துக்குது. அதனாலதான் துவைச்சாலும் போறதில்ல."

அப்பா கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார். "அப்ப டயசோவுக்கு ஐஸ் போடறமே, அது?" என்றார்.

"சூடானா அது ஒட்டறதுக்கு முன்னாடியே நைட்ரஜனா உடைஞ்சு போயிருங்கப்பா."

"அதுதான பார்த்தேன். ஐஸ் வர லேட்டானா கலர் மங்குது" என்றார். நான் புத்தகத்தில் படித்ததை அவர் இருபது வருஷமாகக் கையால் தெரிந்து வைத்திருக்கிறார்.

பிறகு மூலையில் அடுக்கியிருந்த டப்பாக்களின் லேபிள்களை ஒவ்வொன்றாக இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னேன். எல்லாவற்றிலும் கையுறை போடு என்று எழுதியிருந்தது. இத்தனை வருஷமாக அது அவருக்குத் தெரியாது. படித்துச் சொல்ல ஆள் இல்லை. என் ஸ்காலர்ஷிப் பணத்தில் ரெண்டு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். "போட்டா நூலோட பதம் தெரிய மாட்டேங்குது கண்ணு" என்று முனகுகிறார். ஆனாலும் போடுகிறார்.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி காத்துக் கொண்டிருக்கும். பட்டறையிலோ, லேத்திலோ, வயலிலோ இருக்கும். பரீட்சைக்குப் படித்தது போக, அந்த ஒரு கேள்விக்காகவும் கொஞ்சம் படிப்போம். லேபில் கம்ப்யூட்டர் இருக்கிறது, பையில் பென்சில் இருக்கிறது. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பதிலோடு போவோம்.