ஆச்சியின் முந்தானையில் வந்த விண்மீன்



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கடைத்தெருவெங்கும் பிளாஸ்டிக் விண்மீன்களும் மின்விளக்குச் சரங்களும் தொங்குகின்றன. குற்றஞ்சொல்ல எனக்குத் தகுதியில்லை. எம் பங்கு ஆலய முகப்பில் தொங்குவதும் கடையில் வாங்கியதே. எனினும், கையால் செய்து கையில் கொடுக்கும் வழக்கமொன்று எங்கள் குடும்பத்தில் உண்டு. அதனைக் குறித்துச் சில கூற விழைகிறேன்.

தூத்துக்குடி மறைமாவட்டத்துப் பனங்காட்டு ஊர் எங்களது. என் தந்தையாரும் பெரியப்பாவும் ஒரே முற்றத்தின் இருபுறமும் குடியிருந்தனர். இரு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஒன்பது பேர். திருவருகைக் கால முதல் ஞாயிறன்று ஆச்சி எங்கள் பெயர்களைச் சீட்டிலெழுதச் செய்து, ஒரு செம்பிலிட்டுக் குலுக்குவார். எவர் பெயர் வருகிறதோ அவருக்கு, குடிலில் வைக்க ஓர் அணிபொருளைத் தன் கையாலேயே செய்தல் வேண்டும். காசு கொடுத்து வாங்கலாகாது. வண்ணக் காகிதத்திற்கு மட்டும் விலக்கு உண்டு.

பனங்குருத்தோலையை ஈர்க்கு நீக்கி நிழலில் உலர்த்தினால் தந்தம்போல் வெளுக்கும். அதில் கிளியும் மீனும் பின்னுவோம். மூங்கில் சிம்புகள் ஐந்தை முனைசேர்த்துக் கட்டினால் ஒரு விண்மீன். அவ்வாறு இரண்டு செய்து, முனைகளைப் பிணைத்து, நடுவில் ஐந்து சிறு குச்சிகளை முட்டுக்கொடுத்து நிறுத்தினால் தட்டையான சட்டம் புடைத்தெழும். காகிதம் ஒட்ட மைதாப் பசை. அதில் சிறிது மயில்துத்தம் கலக்காவிடில், பெருவிழாவுக்கு முன்பே பூச்சிகள் விருந்துண்டுவிடும்!

1223-ஆம் ஆண்டில் கிரேச்சோ என்னும் இத்தாலியச் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது, அவர் வேண்டியவை தீவனத்தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையுமே. ஊரில் இருந்தவை அவை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே ஊரில் கையொப்பமிட்ட மடலில், குடும்பங்கள் குடில் அமைக்கும் வழக்கத்தைக் கைவிடலாகாதென ஊக்குவித்தார்.

1983-இல் எனக்கு வயது 12. சீட்டு எடுத்தாயிற்று, எனக்குப் பெரியப்பாவின் இளைய மகன் பெயர் வந்திருந்தது. டிசம்பர் நடுவில், பொதுக்கிணற்றின் தண்ணீர் முறை பற்றி உடன்பிறந்தார் இருவருக்கும் பூசல் மூண்டது. அவ்வீட்டு வாசலை மிதிக்கலாகாதெனத் தந்தையார் கட்டளையிட்டார். நான் பின்னிய கையகல ஓலை விண்மீன் நெற்குதிருக்குப் பின்னே ஒளிந்து கிடந்தது.

24-ஆம் நாள் மாலை ஆச்சி அதனைத் தேடியெடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். தந்தையார் முகம் சிவந்தது. “காணிக்கை வைக்குமுன்ன சமாதானம் பண்ணணும்னு சாமியார் சொல்லலியாடா?” என்றார் ஆச்சி. திரும்பி வருகையில் அவர் மடியில் மூன்று பொருள்கள் இருந்தன. அவ்வீட்டுப் பிள்ளைகளும் ஒளித்துவைத்தே செய்திருந்தனர்!

சமாதானம் அன்று வந்துவிடவில்லை. வழக்கு நீதிமன்றம் ஏறியது. நள்ளிரவுத் திருப்பலியில் இருவரும் கோவிலின் இருபுறங்களில் அமர்ந்தனர். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஆச்சி செம்பை இடுப்பில் ஏந்தி இரு வீட்டிற்கும் தனித்தனியே சென்று சீட்டு எடுக்கச் செய்தார்.

1989-ஆம் ஆண்டு புரட்டாசியில் ஆச்சி இறைவனடி சேர்ந்தார். சீட்டை அவ்வாண்டு அம்மாவே குலுக்கினார். ஆனால் 24-ஆம் நாள் மாலை, செய்த பொருள்களை எடுத்துச்செல்ல ஆளில்லை. அவை திண்ணையிலேயே கிடந்தன. விளக்கேற்றும் நேரம் கடந்தபின் தந்தையார் எழுந்தார். துண்டை உதறித் தோளிலிட்டார். அவற்றை வாரியெடுத்து முற்றத்தைக் கடந்தார். உள்ளே என்ன பேசினார்களென்று இருவரும் கடைசிவரை சொல்லவில்லை. வெகுநேரம் கழித்துப் பெரியம்மா காப்பி ஆற்றும் ஓசை கேட்டது. பொங்கலுக்குப்பின் வழக்குத் திரும்பப் பெறப்பட்டது.

இன்று எங்களில் எண்மர் எஞ்சியுள்ளோம், மூவர் வெளிநாட்டில். சீட்டைக் குலுக்குபவள் என் தங்கை. முடிவு கைபேசியில் வருகிறது. சென்ற ஆண்டு பெரியப்பாவின் இளைய மகன் துபாயிலிருந்து எனக்கோர் ஓலை விண்மீன் அனுப்பியிருந்தான். அஞ்சலில் இரு முனைகள் ஒடிந்திருந்தன. நூல்கொண்டு கட்டிப் பங்குக் குடிலில் வைத்தேன்.